கூடு காலி என்று நான் சொன்னது

அந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்மாவுக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறேன். மூன்று முறையும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"கடலோரத்து மண்ண அள்ளி கடலோரத்துலயே கொட்டுறதுக்கு ஒரு கம்பெனியா அப்பு?"

ஆமாம் என்பேன். கரை மணல் ஒரு இடத்தில் நிற்பதில்லை. அலை சாய்ந்து வந்து அடிப்பதால், வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அது கரையோரமாகவே தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். நான் வேலை பார்க்கிற ஊரில் மீன்பிடித் துறைமுகத்துக்காக முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். படகுக்கு வழி கிடைத்தது, மணலுக்கு வழி அடைத்துப்போனது. தெற்கே கரை மேடுதட்டி அகலமாகிக்கொண்டே போயிற்று. வடக்கே அலை கொண்டுபோகிற மணலுக்கு ஈடாக வந்து சேர ஒன்றுமில்லை. அதற்குத்தான் குழாய். தெற்கே சேர்ந்த மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போய் வடக்கே கொட்டும். அங்கிருந்து அலையே எடுத்து அடுத்தடுத்த கரைகளுக்குப் பரப்பிவிடும்.

மூன்றாவது முறை அம்மாவே சொன்னாள். "மேல்காட்டுக்காரன் வாய்க்கால அடைச்சிட்டான். கீழ்காட்டுக்காரனுக்கு இவங்க குடத்துல மோந்து ஊத்துறாங்க. அவ்வளவுதான?"

அவ்வளவுதான். கல்லூரியில் நான்கு வருடம் படித்ததில் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் போடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துச் சிலமலை. அப்பா மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவர். அம்மா விடிகாலையில் போடிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் பறித்துவிட்டு இருட்டுக்கட்ட வீடு திரும்புகிறவள். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். எனக்குக் கிடைத்த வேலையும் அதுதான்: காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது.

குழாய் ஓடும்போது சுற்றி எதெல்லாம் கெடுகிறது என்று பார்ப்பதற்குக் கம்பெனி ஒரு ஆளை வைத்திருக்க வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்தின் நிபந்தனை. அந்த ஆள் நான். காலையும் மாலையும் கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டைத் தண்ணீரில் இறக்கி, எத்தனை முழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துக் கலங்கலைக் குறித்துக்கொள்வேன். கரையில் நண்டுப் பொந்து எண்ணுவேன். தை பிறந்தால் ஆமை முட்டையிட ஏறும் காலம். அப்போது விடியற்காலையில் வடகரை முழுக்க நடந்து தடம் தேடுவேன்.

அங்கே வடகரையில் ஒரு மீனவர் வீட்டின் முன்னறையில்தான் குடியிருந்தேன். அந்த வீட்டு அக்காதான் எனக்குச் சோறு போடுவார். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கடைசி வரிசையில் கடைசி வீடு அது. கல் சுவர் வருவதற்கு முன்னால் வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று வரிசைப் படகு நிறுத்துவார்களாம். நான் போனபோது ஒரு வரிசைக்குத்தான் இடமிருந்தது. குழாய் ஓட ஆரம்பித்த பிறகு அந்த ஒரு வரிசை கொஞ்சம் அகலமானது. அக்கா அதைக் காலால் அளந்து பார்த்து என்னிடம் சொல்வார். "தம்பி, உன் குழாய் நேத்து ரெண்டு அடி குடுத்திருக்கு." என் குழாய் என்றுதான் சொல்வார்.

தை மாதம் ஒரு விடியலில், குழாய் மணல் கொட்டுகிற வாய்க்குப் பக்கத்திலேயே ஆமைத் தடத்தைப் பார்த்தேன். மேலேறி வந்த தடம், இறங்கிப் போன தடம், நடுவில் கிளறி மூடிய குழி. தடத்தின் ஓரம் இன்னும் ஈரம் காயவில்லை.

முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்து வேறு இடத்தில் புதைத்தால் பிழைக்கும். அதற்குப் பிறகு அசைத்தால் உள்ளே கரு செத்துவிடும். இது எனக்குத் தெரியும். வனத்துறை ஆளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் வாளியோடு வந்திருப்பார். நான் என்ன செய்தேன் என்றால், அறைக்குப் போய்ப் படிவத்தை எடுத்து, அளவு எல்லாம் எழுதி, அடித்தல் திருத்தல் இல்லாமல் இன்னொரு தடவை எழுதி, படம் பிடித்து, மேலதிகாரிக்கு அனுப்பி, "வனத்துறைக்குத் தெரிவிக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். மதியத்துக்கு மேல் "தெரிவிக்கவும்" என்று பதில் வந்தது. வனத்துறை ஆள் வந்து குழியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலையிலயே சொல்லியிருக்கலாமே தம்பி. இனி எடுக்க முடியாது."

அம்மா போகிற ஏலத்தோட்டத்தில், வேலை வாங்குகிற காங்காணி ஆளுக்கு இன்ன வரிசை என்று நிரை காட்டாமல் யாரும் செடிக்குள் இறங்கமாட்டார்கள். காய் கண் முன்னால் பழுத்து உதிர்ந்தாலும் சரி, "இது ஒன் நிரை" என்ற வார்த்தை வராமல் ஒரு காயைத் தொட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச்சுக் கேட்க வேண்டும். அம்மா அப்படியே வாழ்ந்தவள். கேட்காமல் எதிலும் கை வைக்காதே என்று சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். படித்து முடித்த பிறகும் அந்தப் பயம் என் கையில் இருந்தது.

கூடு அந்த இடத்திலேயே இருக்கும் என்றால், குஞ்சு பொரித்துப் போகும்வரை, ஏறக்குறைய ஏழு வாரம், குழாய் நிற்க வேண்டும். மேலே மணலைக் கொட்டினால் குஞ்சுகள் வெளியே வர முடியாது. குழாயை இன்னும் வடக்கே நீட்ட அனுமதி இல்லை. "உடனடியாக நிறுத்தவும்" என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு மாலையே நிறுத்தினார்கள். கூட்டைப் பதிவு செய்த ஆளே கடைசியில் நேரில் பார்த்து, ஓடுகளை எண்ணி, காலி என்று எழுதித் தந்தால்தான் மறுபடி ஓட்டலாம். அதுவும் நிபந்தனை.

கூட்டைச் சுற்றி வலை கட்டி, நாய் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாள் போட்டார்கள். அந்த வேலைக்கு வந்தவர் அக்காவின் கணவர். கரை சுருங்கியதால் படகை ஏற்ற இடமில்லாமல் அவர் அப்போது கடலுக்குப் போகவில்லை. தன் வீட்டுக்கு வர வேண்டிய மணலை நிறுத்தி வைத்திருக்கிற கூட்டுக்கு அவரே காவல் உட்கார்ந்திருந்தார். பகலெல்லாம் ஒரு பழைய பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. நான் போய் நின்றால், "முட்டைய வச்சிட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. நம்ம ரெண்டு பேரையும் பேறுகாலம் பாக்க விட்டுட்டு," என்று சிரிப்பார்.

குழாய் நின்ற மூன்றாம் வாரத்திலிருந்து அக்கா காலால் அளப்பதை விட்டுவிட்டார்.

மாசி கடைசியில் அப்பா போன் செய்தார். அம்மா தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்துவிட்டது. போடி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அப்பாவால் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படிக்க முடியாது. நான் கிளம்பினேன். கிளம்பும்போது அக்கா ஒரு பையில் கருவாடு கட்டிக் கொடுத்து, "அம்மாவுக்கு எலும்பு கூடணும்ல," என்றார். கூட்டுக்கு அப்போது ஆறு வாரம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அம்மா என்னை மலைக்குப் போகச் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தோட்டத்தில் காட்டாவிட்டால் அவள் நிரையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பயம். "வெரசாப் போயிட்டு வந்துரு அப்பு. காங்காணிட்ட மரியாதையாப் பேசு."

ஜீப்பில் பத்துப் பதினைந்து பெண்களுக்கு நடுவே இடுக்கி உட்கார்ந்தேன். எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

"ஏய், இஞ்சினீரு வர்றாருடி. கால மடக்கி உக்காருங்க."

"இஞ்சினீரு இல்லக்கா."

"பெறகு?"

"மண்ணுக் குழாய் ஓடுறப்ப என்னென்ன கெட்டுப்போகுதுன்னு பாத்து எழுதுற வேல."

"எழுதுனா கெடாம நின்னுருமாக்கும்?"

"எங்க வீட்லயும் ஒருத்தரு கெட்டுப்போறாரு," என்றார் பின்னாலிருந்து ஒருத்தி. "நானுந்தான் தெனம் பாக்குறேன். எழுதத்தான் தெரியல." ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "வளைவு வருது, செத்த நேரம் சும்மா இருங்கத்தா," என்றார்.

உச்சிக்கு இன்னும் மூன்று வளைவு இருக்கும்போது, எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஜீப் நின்றது. அந்த இடத்தில் டவர் கிடைக்கும். என் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, அம்மா எப்படி இருக்காங்க?"

"பரவால்லக்கா. சொல்லுங்க."

"வீட்டு முன்னால நின்ன தென்னமரம் ரெண்டும் போச்சு. இப்பக் குளிக்கிற இடத்துச் சுவத்துல வந்து அடிக்குது. மழையில்ல, காத்தில்ல, தம்பி. சும்மா ஏறி ஏறி வருது. நாளன்னிக்குப் பௌர்ணமி." பின்னால் கடல் சத்தம் கேட்டது. இரைச்சலாக இல்லை, கனமாக எதையோ கீழே வைப்பது போல் இருந்தது. "குழாய் எப்ப ஓடும்? அத மட்டும் சொல்லு."

"கூடு இன்னும் பொரிக்கலையேக்கா."

"தெரியும். அவரு அங்கதான உக்காந்திருக்காரு. நான் உன்னக் குத்தம் சொல்லல தம்பி. கேக்குறதுக்கு வேற ஆளில்ல, அதான்."

ஜீப் கிளம்பியதும் லைன் அறுந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்னாப்பு?" என்றார். ஒரு வீடு கடலில் போகப்போகிறது என்றேன். ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், "அங்க ஆளுக இருப்பாங்கள்ல? எதாச்சும் செய்வாங்க," என்றார். அந்த ஆள் நான்தான் என்று எப்படிச் சொல்வது?

தோட்டத்தில் காங்காணி சீட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஒங்காத்தா நிரை எங்கயும் போகாது. சரியா? இத்தன வருசத்துல கேக்காம ஒரு காயத் தொட்டதில்ல அந்தம்மா. நெலம் வழுக்குதுன்னு தெரிஞ்சும், நான் அந்த எடத்த முடின்னு சொன்னேன்னு எறங்கியிருக்கு. வழுக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வேண்டாம்னுருப்பேன்." அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

மத்தியானம் வேறொரு ஜீப்பில் திரும்பும்போது போடிமெட்டுச் செக்போஸ்ட்டில் டீ குடிக்க நின்றோம். முதலில் கூட்டுக் காவலில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். குஞ்சு வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கூட்டின் மேல் மணல் லேசாகக் குழியும். "குழி விழுந்திருக்காண்ணே?"

"இல்ல தம்பி. மட்டமாத்தான் கெடக்கு. உள்ள சத்தமும் இல்ல."

அவர் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வைத்த கையோடு, குழாயை ஓட்டுகிற பொறுப்பிலிருந்த சைட் இஞ்சினியர் கூப்பிட்டார்.

"தம்பி, நீ வர இன்னும் எத்தன நாளாகும்?"

"நாலஞ்சு நாள் சார்."

"அதுக்குள்ள வடக்க கடைசி வரிசை இருக்காது. உனக்கே தெரியும். கூடு காலின்னு ஒரு மெசேஜ் போடு. படிவத்த வந்து எழுதிக்கலாம். இன்னிக்குச் சாயங்காலமே ஓட்டிருவேன்."

"குஞ்சு உள்ள இருக்கு சார்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீ என்ன தோண்டியா பாத்த? உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்தல."

கட்டாயப்படுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீக்கடைக்கு முன்னால் நின்று கீழே பார்த்தேன். போடியும் தோப்புகளும் வெயிலில் மங்கித் தெரிந்தன. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. நூறு முட்டைக்கு மேல் இருக்கும் ஒரு கூட்டில். அந்த அக்கா ஒருத்தி. இப்படி நிறுத்துப் பார்க்கிற கணக்கை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தாலும் போட்டுப் பார்க்க நேரமில்லை, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "கூடு காலி. குஞ்சுகள் சென்றுவிட்டன." அடித்து அனுப்பினேன். வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் அது என்று நினைத்தேன். வளைவுகளில் இறங்கும்போதுதான் உறைத்தது, அதையும் ஒருவர் சொல்லித்தான் செய்திருக்கிறேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பாக்காமச் சொன்னியா?" என்றாள்.

"ஆமா."

"மேலாளக் கேட்டியா?"

"இஞ்சினியருதாம்மா சொல்லச் சொன்னாரு."

"பெறகென்ன," என்றாள். காலை மெதுவாக நகர்த்திவைத்து, தலையணையைச் சரிசெய்துகொண்டாள். அவள் நிம்மதியானது எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் இஞ்சினியர் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. பம்பு ஓடுகிறது, குழாயில் மணல் வரவில்லை. ஆறு வாரத்துக்கு மேல் உள்ளே நின்ற மணல் வளைவுகளில் படிந்து சிமெண்ட் போல இறுகிவிட்டது. பகுதி பகுதியாகக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

"எவ்வளவு நாள் சார் ஆகும்?"

"பத்து நாளும் ஆகலாம். உடனடியா நிறுத்துன்னு நீதானய்யா எழுதிக் குடுத்த? வெறுந்தண்ணி விட்டுக் கழுவிட்டு நிறுத்த ஒரு மணி நேரம் குடுத்தியா?"

கழுவிவிட்டு நிறுத்துவது அவர் சோலி. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் "உடனடியாக" என்ற வார்த்தை என் கையெழுத்துக்கு மேலேதான் இருந்தது. அதை எழுதும்போது அழுத்தமாகக் கோடு போட்டது கூட ஞாபகம் இருக்கிறது. கண்டிப்பானவன் என்று பேர் வாங்க ஆசைப்பட்டிருக்கிறேன்.

அன்றைக்கு முழுதும் அம்மாவுக்குக் கஞ்சி வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், அப்பாவோடு பஸ்சில் போடிக்குப் போய் எலும்புப் படம் வாங்கி வந்தேன். அக்காவுக்கு இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. வனத்துறை ஆளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் யாரைக் கேட்பது என்று யோசித்தேன். அப்படியே சாயங்காலமாகிவிட்டது.

பௌர்ணமிக்கு மறுநாள் மத்தியானம் அக்காவே கூப்பிட்டார். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, வீடு போச்சு." சாதாரணமாகத்தான் சொன்னார். "முன்னறை மட்டும் நிக்குது. அதுவும் இன்னிக்கோ நாளைக்கோ. உன் பொட்டிய எடுத்துட்டேன். சர்ட்டிபிகேட் எல்லாம் நனையல, பிரிச்சுப் பாத்துட்டேன். அதத்தான் மொதல்ல எடுத்தேன்."

"உங்க சாமானெல்லாம்க்கா?"

"எடுத்த வரைக்கும் எடுத்தோம். பள்ளிக்கூடத்துல இருக்கோம் இப்ப."

"அண்ணன் எங்கக்கா?" என்றேன்.

"அவரு அங்கதான் இருக்காரு. கூட்டுக்கிட்ட." அக்காவின் குரலில் முதல் முறையாக அலுப்பு தெரிந்தது. "காலின்னு நீ எழுதிட்டன்னு வலையப் பிரிச்சுக் கொண்டுபோயிட்டாங்க. குழாயும் ஓடல. நாய் சுத்துதாம். வீட்டுச் சாமான எடுக்கக் கூப்பிட்டேன். ஒரு நடை வந்தாரு, திரும்பப் போயிட்டாரு. கேட்டா, காலி இல்லன்னு எனக்குத் தெரியும், எழுதுன தம்பிக்கும் தெரியும், அவன் வந்து கண்ணால பாத்துட்டுச் சொல்லட்டும், அப்பறம் எந்திரிக்கிறேன்னு சொல்றாரு. சம்பளத்துக்கு நேத்தோட பேர அடிச்சிட்டாங்க. சொன்னாலும் கேக்கல."

"அக்கா, நான்..."

"வெயில்ல சாப்பிடாம உக்காந்திருக்காரு தம்பி. நீ எப்ப வருவ? அம்மாவ விட்டுட்டு வான்னு நான் சொல்லமாட்டேன். எப்பன்னு மட்டும் சொல்லு, அவருட்டச் சொல்லணும்."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தோப்பிலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. போடியிலிருந்து அந்த ஊருக்கு நேர் பஸ் கிடையாது, மதுரை போய் மாறி, அங்கிருந்தும் மாறி, போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும். அம்மாவால் எழுந்து தண்ணீர் கூட மோந்துகொள்ள முடியாது.

"நாளைக்கு," என்றேன். அது உண்மையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"சரி, நாளைக்குன்னு சொல்றேன்," என்று அக்கா வைத்துவிட்டார்.